மஞ்சள் விளிம்புத் தட்டு

மகள் வீட்டை விட்டுப் போன இருபத்தொன்றாம் நாள் காலையில், பிரிப்பாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பங்குக்கு வந்த பாலைக் குடித்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். பால் என்றாலே சின்ன வயதிலிருந்து அவருக்குக் குமட்டும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரை மஞ்சள் விளிம்பு போட்ட தட்டில் வைத்து, தட்டைச் சுவர்மாடத்துக்குள் தள்ளினார். மாடத்தின் கதவு இறங்கியது. சுவருக்குள் எங்கோ தட்டு எடைபோடப்பட்டு, மகள் சாப்பிட்டாள் என்று பதிவானது. அதன்பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

எல்லாம் கிடைக்கிற காலம் அது. கேட்டால் கிடைக்கும் என்பதுகூடப் பழைய பேச்சாகிவிட்டது. கேட்பதற்கு முன்பே வந்துவிடும். சட்டை கிழிவதற்கு முந்தின நாள் புதுச் சட்டை வரும். தலைவலி வரப்போகிற காலையில் தட்டின் ஓரத்தில் மாத்திரை இருக்கும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் குழாய் வழியாகச் சாமான் வந்திறங்கும் ஒரு மாடம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிறம். பிரிப்பாளருக்கு நீலம், மகளுக்கு மஞ்சள். பசி, பட்டினி, வரிசையில் நிற்பது எல்லாம் பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்க வேண்டிய விஷயங்களாகிவிட்டன.

இத்தனை தாராளத்துக்கும் ஒரே ஒரு விதிதான். வந்ததைப் பயன்படுத்த வேண்டும். ஒருவருக்கு வந்ததெல்லாம் முப்பது நாள் கைபடாமல் திரும்பினால், அந்த ஆளின் பங்கு முடிந்துவிடும். வாசற்கதவு அவருக்குத் திறக்காது. மிச்சமிருப்பவர்களுக்கு எவ்வளவு இடம் போதுமோ அவ்வளவுக்கு வீடு சுருங்கிக்கொள்ளும். இதைத் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை. பங்கு முடிந்தவருக்கு வேறு ஏதோ ஊரில், எங்கே இடம் காலியோ அங்கே, புதுப் பங்கு கொடுத்துவிடுவார்கள். எந்த ஊர் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. "குறை ஒண்ணும் இருக்காது" என்பார்கள் அலுவலகத்துக்காரர்கள், ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

வீடு சுருங்குவதைப் பிரிப்பாளர் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் மனைவி இறந்துபோனாள். முப்பத்தொன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், அவள் பக்கத்து அலமாரி இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையாக, சுத்தமாக, ஒரு விரிசல் இல்லாமல். அன்றைக்குத்தான் அவருக்கு இந்த வீட்டின் மேல் பயம் வந்தது. அதை வெளியே சொல்லவில்லை. யாரிடம் போய், எனக்கு எல்லாம் கொடுக்கிற வீட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொல்வது? சிரிப்பார்கள்.

மகளும் கிட்டத்தட்ட அதைத்தான் வேறு மாதிரி சொன்னாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. போகிற அன்று காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எனக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அந்த மாடத்துக்குத் தெரிஞ்சுடுதுப்பா."

"அதுல உனக்கு என்னடி கஷ்டம்? நல்லதுதானே?"

"ஒரே ஒரு தடவை எனக்கு என்ன வேணும்னு நானா கண்டுபிடிக்கணும். குழாய் முடியற இடத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சப் பேர் இருக்காங்களாம். அவங்களே நட்டு, அவங்களே சமைச்சு சாப்பிடறாங்களாம். பாத்துட்டு வந்துடறேன். இருபது நாள்."

"இருபது நாள்னா இருபது நாள். இருபத்தொண்ணு ஆகக்கூடாது குட்டிம்மா."

"சரிப்பா, சரி" என்று சிரித்துக்கொண்டே போனாள். இருபத்தொன்றாம் நாளும் வந்துவிட்டது, அவள் வரவில்லை.

நல்லவேளை, அவர் அவளை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டாம் நாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். இதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வருஷமாக அவர் திரும்பல் கூடத்தில் பிரிப்பாளர். அந்தப் பகுதி வீடுகளில் பயன்படாமல் திரும்புகிற சாமான் எல்லாம் நகரும் பட்டையில் ஓடிவரும். தொட்டதா, தொடாததா, பாதி தொட்டதா என்று கையால் பார்த்துப் பிரித்து அரைவைக்கு அனுப்புவது அவருடைய வேலை. இயந்திரம் சந்தேகப்பட்டு ஒதுக்குவதை மனிதக் கைதான் தீர்க்க வேண்டும். ஆகவே எதைப் பயன்படுத்தியது என்று வீடு ஏற்கும், எதை ஏற்காது என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. செருப்பு தேய வேண்டும். சீப்பில் முடி இருக்க வேண்டும். படுக்கை சூடாக வேண்டும். வீட்டுக்குக் கண் கிடையாது. வீட்டுக்குள் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று எப்போதோ சட்டம் போட்டு, ஜனங்கள் இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வீடு பேசும், பேச்சுக்குப் பதிலும் சொல்லும், ஆனால் குரலை வைத்து ஆளைப் பிரிக்காது; அதற்குத் தெரிந்ததெல்லாம் எடை, சூடு, தேய்மானம், காலடி.

ஆக, பிரிப்பாளர் மகளாகவும் வாழ ஆரம்பித்தார். மகளின் செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நூறு தடவை நடந்தார். அவளுடைய சீப்பால் தன் வழுக்கையைச் சுற்றியிருந்த நாலு முடியை வாரினார். அவளுடைய முகக்கிரீமைப் பூசி மினுமினுவென்று வேலைக்குப் போனார். திரும்பல் கூடத்தில் அவரோடு வேலை பார்க்கும் நெட்டையர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணே, மாப்பிள்ளை களை வந்துடுச்சு? எங்கயாவது ரகசியமா பொண்ணு பாத்துட்டீங்களா?"

"காத்து மாறுதுல்ல, தோல் வறண்டு போகுது."

"வறண்டு போகுதா? எண்ணெய்ச் சட்டியில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கீங்க."

சிரித்துச் சமாளித்தார். ஆனால் அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அவர் எதற்குப் பயந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடத்துக்குச் சில சமயம் சாம்பல் நிறப் பட்டை ஒட்டிய பெட்டிகள் வரும். வேறு ஊர்களில் புதுப் பங்கு வாங்கினவர்களின் பெட்டிகள் அவை, அரைவைக்காக இங்கே அனுப்புவார்கள். முப்பது வருஷத்தில் அவர் கையில் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூடப் பிரிக்கப்பட்டதாக இருந்ததில்லை. சாப்பாடு முத்திரையோடு இருக்கும். துணி மடிப்போடு இருக்கும். ஒரு சோப்புகூட நனைந்திருக்காது. எல்லாம் கொடுக்கப்பட்ட அந்த மனிதர்கள் எதையுமே தொடவில்லை. ஏன் தொடவில்லை, தொடுவதற்கு அவர்கள் இருக்கிறார்களா என்று கூடத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. சாம்பல் பட்டை வரும்போது மட்டும் நெட்டையர்கூட வாயை மூடிக்கொள்வார்.

மகளின் பங்கு முடிந்தால், அவள் திரும்பி வரும்போது கதவு திறக்காது. அவளும் அந்தப் பெட்டிகள் வருகிற இடத்துக்குத்தான் போவாள். அதற்காகத்தான் அவர் பாலைக் குடித்தார்.

ஒரு வயிறு எத்தனை தட்டைத் தாங்கும்? மஞ்சள் தட்டைக் காலி செய்தபின் நீலத் தட்டில் கைவைக்க அவரால் முடியவில்லை. முதல் சில நாள் கொறித்தார், பிறகு மூடிய காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். நான்தான் இங்கேயே இருக்கிறேனே, என் பங்குக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தார். ஊரார் மிச்சம் வைத்ததையெல்லாம் முப்பது வருஷம் ஆராய்ந்த மனிதருக்கு, தான் மிச்சம் வைத்ததும் அதே பட்டையில்தான் போகும் என்பது தோன்றவில்லை.

இருபத்தாறாம் நாள் காலையில் மஞ்சள் தட்டில் பாலுக்குப் பதிலாக டீ வந்திருந்தது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கெட்டியாக, சர்க்கரை தூக்கலாக, அவருக்குப் பிடித்த பதத்தில் இருந்தது. மடமடவென்று குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. மகள் டீ குடிக்க மாட்டாள். பிறந்ததிலிருந்து ஒருவாய் குடித்ததில்லை.

அதன்பிறகு மளமளவென்று வந்தன. மஞ்சள் பங்கில் வந்த செருப்பு அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவருக்கு இடது முட்டி மடங்காது, காலை இழுத்துத்தான் நடப்பார். மகளின் புதுச் செருப்பில் இடது அடிப்பாகம் அதற்குத் தோதாகத் தடித்திருந்தது. மகளின் சட்டை அவர் தோள் அகலத்துக்கு வந்தது. முப்பத்தைந்தாம் நாள் வேலை முடிந்து திரும்பினார். எடையும் நடையும் பார்க்கிற வாசற்பலகையில் கால் வைத்ததும் கதவு திறந்து, வீடு பேசியது.

"வாங்க குட்டிம்மா. இன்றைக்குக் கொஞ்சம் களைப்பாக இருக்கிறீர்கள்."

அந்தச் செல்லப் பெயரை மகள் ஏழு வயதில் வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பிரிப்பாளர் வாசலிலேயே நின்றார். திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஓடி எங்கே போவது? குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனார்.

மறுவாரம் திரும்பல் கூடத்தில் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையர் ஒரு நீலக்கரைச் சட்டையை எடுத்து உதறினார். மடிப்புக் கலையவில்லை. அடுத்து நீலக்கரைத் துண்டு. அடுத்து நீல விளிம்புத் தட்டு, மேலே மூடிய காகிதம் அப்படியே இருந்தது. எந்த வீடு என்று சாமானில் எழுதியிருக்காது. ஆனால் அந்தச் சட்டையின் இடது பையில் மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு சின்ன மடிப்பு தைத்திருந்தது. அந்த மடிப்பு யாருக்கு வேண்டும் என்று பிரிப்பாளருக்குத் தெரியும்.

"இந்த வீட்டுல ஒருத்தர் போய்க்கிட்டு இருக்கார் அண்ணே" என்றார் நெட்டையர். கூடத்தில் இது ஒரு விளையாட்டு. திரும்பி வருகிற சாமானை வைத்து, யாருடைய பங்கு எப்போது முடியும் என்று கணிப்பார்கள். "ஆம்பளை. வயசானவர். கொறிக்கக்கூட இல்ல, பாத்தீங்களா? இன்னும் பத்து நாள். என்ன சொல்றீங்க?"

"பத்து நாளா?"

"பத்துக்கு மேல ஒருநாள் தாங்காது. எழுதி வெச்சுக்கங்க."

பிரிப்பாளர் அந்தச் சட்டையை வாங்கினார். அரைவைத் தொட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "என்ன அண்ணே, தெரிஞ்சவங்களுதா?" என்று நெட்டையர் கேட்டதும் போட்டுவிட்டார். தொட்டி கரகரவென்று அரைத்தது.

மூன்றாம் நாள் நலம் விசாரிக்கிற பெண் வந்தாள். ஏதாவது வீட்டின் பதிவு வழக்கத்துக்கு மாறினால் அவர்கள் வருவார்கள். சின்ன வயது, சாதுவான முகம், தோளில் ஒரு கனத்த பை. அவளைப் பார்த்ததும் பிரிப்பாளர் உள்ளே ஓடினார். முந்திக்கொண்டு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தார்.

"பொண்ணு குளிக்கிறாம்மா. இப்பதான் போனா. ரொம்ப நேரம் ஆகும்."

"பரவால்ல ஐயா, குளிக்கட்டும்" என்றாள் அவள், கையிலிருந்த பதிவுப் பலகையைப் பார்த்துக்கொண்டே. "உங்க பொண்ணு ஒன்றரை மாசத்துல பதினாலு கிலோ கூடியிருக்காங்க. தெரியுமா?"

"நல்லா சாப்பிடறாம்மா. வயசுப் பொண்ணு."

"அது நல்லதுதான். அவங்களைப் பத்திக் கவலை இல்ல." அவள் தலையை நிமிர்த்தினாள். "உங்களைப் பத்திதான் ஐயா கவலை. உங்க பங்கு எதுவுமே தொடப்படலை. இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

நான்தான் இரண்டு பேருமாக இருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லி அழுதிருக்கலாம். சொன்னால் மகள் இல்லை என்பது பதிவாகும். முப்பது நாள் எப்போதோ தாண்டிவிட்டது. மஞ்சள் பங்கு அந்த நிமிஷமே முடிந்துபோகும். சொல்லாவிட்டால் முடியப்போவது நீலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெற்ற மனிதர். ஆனாலும் பயம் பயம்தானே.

"பசி மந்தமா இருக்கும்மா. இனிமே சாப்பிடறேன்."

"சாப்பிடுங்க ஐயா. தயவுசெஞ்சு சாப்பிடுங்க" என்றாள் அவள். அதை அவள் கெஞ்சிச் சொன்னது அவரை இன்னும் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து இரண்டு தட்டையும் சாப்பிட்டார். வயிறு முட்டி, வாந்தி எடுத்து, மறுபடியும் சாப்பிட்டார். தன் பழைய செருப்பைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லாம் வீண். அந்தக் காலை இழுக்கிற நடை மகளுடையது என்று வீடு முடிவு செய்து வெகுநாளாகிவிட்டது. நீலத் தட்டை அவர் வழித்துச் சாப்பிட்டு முடித்தபோது, வீடு அத்தனை பரிவோடு பேசியது.

"அப்பாவின் உணவை நீங்கள் சாப்பிட வேண்டியதில்லை குட்டிம்மா. உங்களுக்கு இன்னும் வேண்டுமா? கூடுதலாக அனுப்பட்டுமா?"

"நான்தான் அப்பா" என்று கத்தினார். "ஏய், நான்தான் அப்பா!"

"உங்கள் வருத்தம் புரிகிறது" என்றது வீடு.

ஏழாம் நாள் காலையில் நீலத் தட்டு வரவில்லை. மஞ்சள் தட்டில் மட்டும் டீயும், முட்டையும், மனதைத் தேற்றுகிற மாத்திரை ஒன்றும், மெத்தென்ற கைக்குட்டையும் வந்திருந்தன. உங்கள் அப்பாவின் பங்கு நிறைவடைந்தது, உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம் என்று வீடு சொன்னது. அவருடைய அறையில் ஏதோ உரசுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. போய்ப் பார்த்தார். கட்டில் போய்விட்டது. சுவர் கால்வாசித் தூரம் வந்துவிட்டிருந்தது, இன்னும் வந்துகொண்டிருந்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்து முட்டுக்கொடுத்தார். சுவர் அவரை நோகடிக்காமல், பக்குவமாகப் பின்னால் தள்ளிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

நாலு நாள் கழித்து, மத்தியான நேரத்தில், மகள் வந்தாள்.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. பிரிப்பாளர் ஜன்னலுக்கு ஓடினார். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வாசற்பலகையில் நின்று, "என்னாச்சு இதுக்கு? அப்பா! கதவு திறக்க மாட்டேங்குது!" என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாசலில் பதிவில்லாத ஒருவர் நிற்கிறார் குட்டிம்மா" என்றது வீடு. "பயப்பட வேண்டாம். அவருக்கு உதவ ஆள் அனுப்பியிருக்கிறோம்."

உள்ளே இருப்பவர் வெளியே போக எந்தத் தடையும் இல்லை. அவர் வெளியே பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டார். அவள் மேல் மண்வாசமும் வியர்வையுமாக இருந்தது. கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

"ரெண்டு மாசம் ஆயிடுச்சுப்பா, மன்னிச்சுக்கோங்க. காய்ச்சல்ல விழுந்துட்டேன், நடக்க முடியல" என்றாள். பிறகு பையிலிருந்து கோணல்மாணலாக இருந்த ஒரு முள்ளங்கியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இது நான் நட்டது. என்னப்பா இப்படிப் பாக்கறீங்க? ஏன் என் சட்டையைப் போட்டிருக்கீங்க?"

அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் வெள்ளை வண்டி திரும்பிவிட்டது. அதிலிருந்து இறங்கியது அதே நலம் விசாரிக்கிற பெண். அவரைப் பார்த்தாள். கையிலிருந்த பதிவுப் பலகையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"ஐயா, நீங்க..." என்று ஆரம்பித்துக் குரலைத் தாழ்த்தினாள். "இதுல நீங்க முடிஞ்சுட்டீங்க ஐயா."

"உனக்குத் தெரியுதுல்லம்மா நான் யாருன்னு? இவ யாருன்னு?"

"தெரியுது. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மாத்தி எழுத எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேட்டேன்னா, தப்பாப் பயன்படுத்தின பங்குன்னு இதையும் முடிச்சுடுவாங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டு வண்டி வரும், ரெண்டு ஊருக்கு." அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "இப்ப ஒரு பங்கு இருக்கு. ஒருத்தர் உள்ள போகலாம். ஒருத்தர் என்கூட வரணும். பத்து நிமிஷத்துல நான் கிளம்பலைன்னா அடுத்த வண்டி வந்துடும். ஓடினாலும் குழாய் முடியற இடத்துக்கு முன்னாடியே பிடிச்சுடுவாங்க."

"நான் வரேன். அது அப்பா வீடு" என்றாள் மகள். "நான்தான் விட்டுட்டுப் போனேன்."

"வாயை மூடு" என்றார் பிரிப்பாளர். அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. சாம்பல் பட்டைப் பெட்டிகளைப் பற்றி மகளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வாய்கூசாமல் பொய் சொன்னார். "எனக்கும் இந்த வேலை அலுத்துப்போச்சு குட்டிம்மா. புது ஊரு, புது வீடு. போய்ச் சேர்ந்ததும் தகவல் அனுப்பறேன். கேளு, நல்ல இடந்தானேம்மா அது?"

நலம் விசாரிக்கிற பெண் தரையைப் பார்த்தாள். "குறை ஒண்ணும் இருக்காது" என்றாள்.

"இப்ப நான் சொல்ற மாதிரி நட" என்றார் அவர். "இடது முட்டி மடங்கக் கூடாது. காலைத் தூக்காதே, இழு. வலது தோள் கொஞ்சம் சாயணும்."

"என்னப்பா இது?"

"உன்னை இப்படித்தான் அதுக்குத் தெரியும். நட!"

மகள் அழுதுகொண்டே நடந்தாள். வாசற்பலகை ஏற்கவில்லை, கதவு அசையவில்லை. இரண்டாம் தடவை காலை அதிகமாக இழுத்தாள். அதுவும் ஆகவில்லை. மூன்றாம் தடவை நடை சரியாக வந்தும் கதவு திறக்கவில்லை.

"எடை போதலை" என்றாள் நலம் விசாரிக்கிற பெண். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் கனத்த பையைக் கழற்றி மகளின் தோளில் மாட்டினாள். "உள்ள போனதும் ஒரே நாள்ல இறக்கி வெச்சுடாதீங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. இளைக்கிறீங்கன்னு எழுதிக்கும். நடை மட்டும் மாறக் கூடாது. சமையலறைக்குப் போனாலும் இப்படித்தான். குளிக்கப் போனாலும் இப்படித்தான். ஒருநாள் நேரா நடந்தீங்கன்னா, வேற யாரோன்னு ஆயிடும்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் மகள்.

அந்தப் பெண் பையின் வாரை மகளின் தோளில் இழுத்துச் சரிசெய்தாள்.

பிரிப்பாளருக்கு அப்போதுதான் புரிந்தது. மகளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறோம் என்றுதானே இரண்டு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தார்? பிடித்து வைத்தது அவருடைய இடத்தை. அவருடைய முட்டிக்குத் தைத்த செருப்பு, அவருடைய தோளுக்கு வெட்டிய சட்டை, அவருடைய நாக்குக்குப் போட்ட டீ. தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கப் போனவளை, தன் உடம்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தப்போகிறார். வேண்டாம், வந்துவிடு, இரண்டு பேரும் இரண்டு வண்டியில் போவோம் என்று சொல்ல வாயெடுத்தார். பிரிக்கப்படாத பெட்டிகள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டார்.

நாலாம் தடவை கதவு திறந்தது.

"வாங்க குட்டிம்மா" என்றது வீடு. "டீ தயாராக இருக்கிறது."

மகள் திரும்பிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினாள். "திரும்பாதே, நட!" என்று கத்தினார். அவள் காலை இழுத்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வண்டிக்குள் சுத்தமாக, குளுகுளுவென்று இருந்தது. அவர் உட்கார்ந்த நாற்காலி அவர் முதுகுக்கு ஏற்றபடி தானாக வளைந்துகொடுத்தது. நலம் விசாரிக்கிற பெண் எதிரே உட்கார்ந்து, பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. எந்த ஊர் என்று அவர் கேட்டார். எனக்கும் சொல்ல மாட்டார்கள் ஐயா, எல்லை வரைதான் நான் என்றாள். அவர் முள்ளங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

வீட்டு ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. வண்டி போகிறதைப் பார்த்துவிட்டு மகள் ஜன்னலை நோக்கி வந்தாள். சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று அவர் மனது அடித்துக்கொண்டது. அவள் அழுதுகொண்டே, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துக் கூடத்தைக் கடந்தாள். அவள் ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.